மூன்று ஷையும் (தடவையும்) தேவையா? உயர்தரப் பரீட்சையைத் திரும்ப எழுதுவது பற்றி

இரசாயனக்காரன்

இந்த மன்றத்தின் இன்னொரு இழையில் ஒருவர், "மூன்று தடவை எழுத விடுவதால்தான் புதுப் பிள்ளைகளுக்குக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைப்பதில்லை, இரண்டோடு நிறுத்த வேண்டும்" என்று எழுத, கீழே வந்த எல்லோரும் ஆமாம் போட்டிருந்தார்கள். அங்கே பதில் எழுதினால் தொலைந்து போகும் என்பதால் தனி இழை. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறவன். திரும்ப எழுதுகிறவர்களுக்கென்று ரிப்பீட் பட்ச் ஒன்று எப்போதும் ஓடும், அதில் எனக்கு வருமானமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கண்டுபிடித்த மாதிரி எழுத வேண்டாம்.

தடவையைக் குறைப்பது பிழையான இடத்தில் கத்தி வைப்பது என்பது என் கருத்து. திரும்ப எழுதுகிற பிள்ளையைக் கொல்வது பரீட்சைக் காலண்டர்தான். கொரோனாவுக்கு முந்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்டில் பரீட்சை, டிசம்பர் கடைசியில் பெறுபேறு, அடுத்த ஓகஸ்டுக்கு ஏழெட்டு மாதம் கையில் இருக்கும். பிறகு என்ன நடந்தது? 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரி 23இல்தான் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பர் 4. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி 4. இடையில் சரியாக நான்கு மாதம்.

அந்த வருடம் என் வகுப்பில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை காத்திருக்கவில்லை. "வந்தால் வரட்டும், வராவிட்டால் இதுவும் இருக்கட்டும்" என்று மார்ச்சிலேயே ரிப்பீட் பட்சில் வந்து குந்திவிட்டார்கள். மற்றவர்கள் செப்டெம்பரில் வந்தார்கள். அதுவரை ஒருவன் தொலைபேசிக் கடையில், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில், இன்னொருவன் தகப்பனோடு கடலுக்கு. கொப்பியைத் திறந்து ஆறேழு மாதம் ஆகிவிட்டது. கரிம இரசாயனத்தில் தாக்கப் பொறிமுறை கேட்டால் முழிக்கிறான், மறந்துவிட்டேன் சேர் என்று சொல்லக்கூட வெட்கம். பதிவில் இரண்டு பேரும் "இரண்டாம் ஷை"தான், ஆனால் ஒருவருக்குப் பத்து மாதம், மற்றவருக்கு நான்கு.

இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2024 பரீட்சைக்கு 2025 ஏப்ரல் 26இல் பெறுபேறு வந்தது, அடுத்தது நவம்பர் 10இல். ஆனாலும் ஆறு மாதம்தான். இதைச் சரிசெய்யாமல் தடவையை இரண்டாக்கினால் யார் வெளியே போவார்கள் என்று யோசியுங்கள். மார்ச்சில் வந்து இருந்தவன் இரண்டாம் தடவையிலேயே தப்பிவிடுவான்.

புதுபட்ச்

சேர், கோபிக்க வேண்டாம். இந்த நவம்பர் எனக்கு முதல் ஷை. பழைய வினாத்தாள் செய்கிற பேப்பர் கிளாஸில் எங்களோடு இருக்கிற அண்ணாமார், அக்காமார் பத்து வருடப் பேப்பரையும் கரைத்துக் குடித்தவர்கள். பல்தேர்வில் நான் கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே அவர்கள் அடுத்த பக்கம் புரட்டுகிறார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் யூனிட்டே முடியவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் கம்பஸ் கிடைக்க ஒரே வெட்டுப்புள்ளி (ஆகக்குறைந்த இசட் புள்ளி) என்பது எந்த ஊர் நியாயம்? அதோடு அவர்கள் கூட்டமாக மார்க்ஸ் எடுக்கும்போது சராசரி ஏறி எங்கள் இசட் புள்ளி விழுகிறது. இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

எண்ணன்

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பிழை. இந்தக் கதை ஒவ்வொரு வருடமும் வருகிறது, ஒருக்கால் விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

உங்கள் மார்க்ஸில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் எடுத்து அதன் சராசரிதான் கம்பஸுக்குப் பார்க்கிற இசட் புள்ளி. சராசரி 48, நியம விலகல் 16, நீங்கள் 72 என்று வைப்போம்: 1.5. ரிப்பீட்டர்மார் சராசரியை 52க்கு ஏற்றிவிட்டார்கள், விலகல் அப்படியே என்றால் உங்களுக்கு 1.25. விழுந்தது உண்மை. ஆனால் 71 எடுத்தவருக்கும் 80 எடுத்தவருக்கும் அதே கால் புள்ளி விழும், வெட்டுப்புள்ளியும் கூடவே இறங்கும். வரிசை மாறவே மாறாது. உங்களைப் பாதிப்பது உங்களுக்கு மேலே எத்தனை தலை நிற்கிறது என்பது மட்டும்.

அந்தத் தலைகளின் கணக்குக்கு வந்தால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கம்பஸுக்குத் தகுதி பெறுகிறவர்கள் ஒன்றேமுக்கால் லட்சம் அளவில், இடம் நாற்பதாயிரத்துச் சொச்சம். திரும்ப எழுத விடுவதால் ஒரு கதிரைகூடக் கூடுவதில்லை. எல்லோரும் இன்னொரு வருடம் படித்து எல்லோரும் பத்து மார்க்ஸ் கூட எடுத்தால், அதே ஆட்கள் அதே வரிசையில் ஒரு வயது கூடிப்போய் நிற்பார்கள், அவ்வளவுதான். தனி ஆளாகப் பார்த்தால் திரும்ப எழுதுவது புத்திசாலித்தனம், நாடாகப் பார்த்தால் கன பேரின் இருபதாம் வயதை எரிப்பது. நான் அந்த மற்ற இழையில் ஆமாம் போட்டவர்களில் ஒருவன், மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இன்னொன்று. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். ரிப்பீட்டரின் பாரம் மாவட்டப் பங்கில்தான் தெரியும். கொழும்பில் சில பேர் கூடுதலாக மேலே வந்தால் வரிசை கொஞ்சம் அசையும். முல்லைத்தீவில் மருத்துவத்துக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய இடம், அங்கே இரண்டு பேர் மூன்றாம் ஷையில் ஏறினால் முதல் ஷைக்காரர் இரண்டு பேர் அப்படியே வெளியே.

நானுஓயா ரீச்சர்

எண்ணன், அந்த முல்லைத்தீவில் மூன்றாம் ஷையில் ஏறியவர்களும் முல்லைத்தீவுப் பிள்ளைகள்தானே? அவர்கள் ஏன் முதல் ஷையில் ஏறவில்லை என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நான் நுவரெலியா மாவட்டத்தில் கற்பிக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிற இடங்களே குறைவு, இருந்தாலும் ஒரு வருடம் பௌதிகவியலுக்கு ஆள் இருக்கும், அடுத்த வருடம் அவர் இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார். பிள்ளை பாதிப் பாடத்திட்டத்தை யூடியூப்பிலும் மீதியை யாரோ போட்டோ எடுத்து அனுப்பிய நோட்ஸிலும் படிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் முதல் ஷை என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் முடியாமல் எழுதுகிற ஷை. இரண்டாம் ஷையில்தான் மற்ற ஊர்ப் பிள்ளை முதல் தடவை நிற்கிற இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். நீங்கள் "திரும்ப எழுதுவது" என்கிறீர்கள், இங்கே அதுதான் எழுதுவது.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. இரண்டாம் தடவை என்றதும் வீட்டில் பேச்சு மாறும். "இன்னும் எத்தனை வருஷம் படிப்ப" என்று அம்மாவே கேட்பார், ஏனென்றால் தம்பி சாதாரண தரத்துக்கு (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்கு) வந்துவிட்டான், அவனுக்கும் வகுப்புக் காசு வேண்டும். ஆண் பிள்ளை கொழும்பில் கடையில் நின்றுகொண்டே படிக்கிறேன் என்று கிளம்பிவிடுவான் (படிக்கிறானா என்பது வேறு கதை). மகளை அப்படி விடமாட்டார்கள். மூன்று தடவை என்று சட்டத்தில் இருந்தாலும் கன பேருக்கு அது ஒன்றரைத் தடவைதான்.

புதுபட்ச்

ரீச்சர் சொல்வது விளங்குகிறது. ஆனால் என் கிளாஸில் ரிப்பீட் செய்கிறவர்களில் தோட்டத்தில் இருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பெரிய பள்ளிக்கூடத்து ஆட்கள். போன தடவை பொறியியல் கிடைத்தும் "எனக்கு மொறட்டுவைக் கம்பஸ்தான் வேணும்" என்று திரும்ப எழுதுகிற ஒரு அண்ணாவும் இருக்கிறார்.

எண்ணன்

பாருங்கள், அதுதான் நான் சொன்னது.

நெல்லைக்காரன்

வணக்கம். தமிழ்நாட்டில் இருந்து எழுதுகிறேன், உங்கள் இசட் புள்ளி எல்லாம் இப்போதுதான் புரிந்துகொண்டேன், ஆனால் பிரச்சினை ரொம்பப் பழகிய பிரச்சினை. எங்கள் ஊரில் எல்லையே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நீட் தேர்வு காட்டிக்கொடுத்தது. நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2016-17ல், அதாவது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்த கடைசி வருஷத்தில், மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் 87.53 சதவீதம் பேர் முதல் முறை வந்தவர்கள், ரிப்பீட்டர்கள் 12.47. நீட் வந்து நாலாவது வருஷம், 2020-21ல், அப்படியே தலைகீழ்: ரிப்பீட்டர்கள் 71.42, புதியவர்கள் 28.58.

நாமக்கல் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், விடுதியோடு ரிப்பீட்டர் பேட்ச், காலை முதல் ராத்திரி வரை டெஸ்ட். அந்த ஃபீஸைக் கட்டுவது யார்? அரசுப் பள்ளிப் பிள்ளைகள் திரும்பக் கண்ணில் பட ஆரம்பித்தது 2020ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான். முதல் முயற்சியில் தேறாதது அவர்கள் அறிவுக் குறைவு இல்லை, இரண்டாவது முயற்சிக்கு வீட்டில் காசு இல்லை. நீட்டுக்கு முன்னாடியும் இம்ப்ரூவ்மென்ட் எழுதி கட்-ஆஃப் கூட்டிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இருந்தது, எங்கள் சித்தப்பா காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது எழுதியிருப்பார், 2005ல் நுழைவுத் தேர்வோடு சேர்த்து அதையும் எடுக்க அரசாணை போட்டார்கள், வழக்கு மேல் வழக்கு. அதெல்லாம் தனிக் கதை.

இரசாயனக்காரன்

நெல்லைக்காரருக்கு நன்றி. நான் எல்லையை எடுக்கச் சொல்லவில்லை, மூன்று என்ற எல்லை இருப்பது நல்லதுதான். எல்லையே இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆட்கள்தான் கட்டடம் கட்டுவோம்.

ஆனால் நீட்டுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று, அதைப் பற்றி இங்கே யாரும் கதைக்கவில்லை. கம்பஸ் அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையை (எல்லோருக்கும் பொதுவான ஒரு தனி வினாத்தாள்) தவிர எதையும் அடுத்த தடவைக்குக் கொண்டுபோக முடியாது. போன வருடம் ஒரு பிள்ளைக்கு உயிரியல் ஏ, இரசாயனவியல் ஏ, பௌதிகவியல் சி. அவனுக்குத் திருத்த வேண்டியது பௌதிகவியல் மட்டும். ஆனால் மூன்றையும் முதலில் இருந்து எழுத வேண்டும். ஆறு மாதமும் பௌதிகவியலோடு மாரடித்தான், அதை பி ஆக்கினான், இரசாயனவியல் பி ஆக விழுந்தது. இசட் புள்ளி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே. அவன் படித்த ஆறு மாதமும் எங்கே போனது என்று அவனுக்கே விளங்கவில்லை. உயிரியலில் இரவிரவாக விழுங்கியதை இன்னொரு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருப்பது லேசான வேலை இல்லை, எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நெல்லைக்காரன்

அப்படியா? இங்கே போக்கு வேற பக்கம் போகிறது. கர்நாடகாவில் 2024ல் பத்தாம் வகுப்புக்கும் இரண்டாம் பி.யூ.சி.க்கும் (பன்னிரண்டாம் வகுப்பு) வருஷத்துக்கு மூன்று தேர்வு வைக்க ஆரம்பித்தார்கள், எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026ல் இருந்து பிப்ரவரியில் ஒன்று கட்டாயம், மே மாதம் இன்னொன்று விருப்பப்பட்டால், மூன்று பாடம் வரை மட்டும் திருப்பி எழுதி மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். வருஷம் போகாது, அதுதான் விசேஷம்.

இரசாயனக்காரன்

அதையேதான் கேட்கிறேன். சி எடுத்த பாடத்தை மட்டும் எழுத விடுங்கள், மற்ற இரண்டின் இசட் புள்ளியை வைத்திருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

பேராதனை 2012

எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. சேர், ஒரு வருடத்து இசட் புள்ளியை இன்னொரு வருடத்தோடு ஒட்டுவது என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் நான் 2011 பட்ச்.

அந்த வருடம் ஒரே பரீட்சையில் இரண்டு கூட்டம். புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்கள், பழைய பாடத்திட்டத்தில் திரும்ப எழுதியவர்கள். நான் இரண்டாம் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு வினாத்தாள். ஆனால் இசட் புள்ளி போடும்போது இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். பழைய பாடத்திட்டத்தில் இருப்பது முழுக்க ஏற்கெனவே ஒருக்கால் எழுதிப் பழகிய கூட்டம், மற்றது பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக வந்த கூட்டம், இரண்டையும் ஒரே சராசரியில் அடக்கினால் யாருடைய புள்ளி எங்கே நிற்கும் என்று சோதிடனாலும் சொல்ல முடியாது. வழக்குப் போட்டார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் (எங்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) அந்தக் கணிப்பை ரத்துச் செய்து தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. அதுவரை வீட்டில் என் பெறுபேற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, கிடைத்ததா இல்லையா என்று ஊரில் கேட்டால் அப்பா "வழக்கு நடக்குது" என்று சொல்லுவார், ஏதோ காணி வழக்கு மாதிரி. 2019இல் மறுபடி புதிய, பழைய பாடத்திட்டம் இரண்டும் ஓடியபோது தனித்தனியாகத்தான் கணித்தார்கள், பாடம் படித்துவிட்டார்கள் போல.

அதனால் எண்ணனிடம் ஒரு கேள்வி. 2024இல் எடுத்த இரசாயனவியல் 1.8உம் 2025இல் எடுத்த 1.8உம் ஒன்றா?

எண்ணன்

ஒன்று என்று சொல்ல முடியாது. அந்தந்த வருடம் யார் யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்த எண் அது. பாடம் பாடமாகத் திரும்ப எழுத விட்டால் இன்னொரு சிக்கலும் வரும்: 2025 பௌதிகவியலை மட்டும் எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஆறு மாதம் அதை மட்டும் படித்தவர்கள், மூன்று பாடத்தையும் சுமந்துகொண்டு வருகிற முதல் ஷைப் பிள்ளையோடு மோதுவார்கள். புதுபட்ச் இப்போதே அழுகிறார். சேர் சொல்கிற மாற்றம் ரிப்பீட்டருக்கு நல்லது, முதல் தடவைக்காரருக்குக் கெட்டது, இடையில் வழி இல்லை. பாடத்துக்குப் பாடம் கொண்டுபோகிற முறை, சித்தியடைந்தால் போதும் என்கிற பரீட்சைக்குப் பொருந்தும். சாதாரண தரத்தில் கணிதம் விட்டவர் கணிதத்தை மட்டும் திரும்ப எழுதுகிறார், அதனால் யாருடைய இடமும் போவதில்லை, அதில் யாருக்கும் சண்டையும் இல்லை. ஒருவர் ஏற ஒருவர் இறங்க வேண்டிய பரீட்சையில் அதே தயவு அடுத்தவன் சட்டைப்பையில் இருந்துதான் போகிறது.

இரசாயனக்காரன்

சரி, வேறு வருடத்து இசட் புள்ளியை ஒட்டுவது பற்றிச் சொன்னது நியாயம், அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. காலண்டர் விஷயத்தில் மாறமாட்டேன். பெறுபேறு எட்டு வாரத்தில் வந்தால் பாதிப் பேர் திரும்ப எழுதவே வரமாட்டார்கள், வேறு வழி பார்த்துவிடுவார்கள். வகுப்புக்கு வருகிறவர்களில் கன பேர் மருத்துவ ஆசையால் வரவில்லை, கையில் ஒன்றும் தெரியாமல் சும்மா இருக்கப் பயந்து வருகிறார்கள்.

வவுனியா அம்மா

தம்பிமார், ரீச்சர், உங்கள் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்க வேண்டும். மகன் பயோ. 2023இல் சரிவரவில்லை, 2024இல் திரும்ப எழுதினான், ஏ பி பி. போன வருட வெட்டுப்புள்ளிப்படி பார்த்தால் எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவம் வராது, விஞ்ஞான பீடம் வரும் போல இருக்கிறது. இந்த முறை வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. நவம்பருக்கு மூன்றாம் ஷை எழுதவா என்று கேட்கிறான். தகப்பன் போதும் என்கிறார். விஞ்ஞான பீடத்துக்குப் பதிந்துவிட்டு நவம்பரும் எழுதினால் என்ன?

பேராதனை 2012

அம்மா, அங்கேதான் கவனம். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் அடுத்த முறைப் பெறுபேற்றை வைத்து இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. நவம்பரில் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அதை வைத்து மருத்துவ பீடம் போக முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இருக்கிறது, பதியும் முன்பு மகனை ஒருக்கால் முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

எண்ணன்

விஞ்ஞான பீடத்தை எடுக்கச் சொல்லுங்கள். கையில் இருப்பதை விட்டுப் பறப்பதற்கு இது கடைசித் தடவை, இதிலும் விழுந்தால் ஒன்றும் இல்லை.

நானுஓயா ரீச்சர்

அப்படி ஒரே வரியில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பி எதில் என்று கேட்டீர்களா? எவ்வளவு புள்ளி வித்தியாசத்தில் வெட்டு விழுகிறது என்று கேட்டீர்களா? பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா, அவனுக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று?

வவுனியா அம்மா

பி இரண்டும் பௌதிகவியலும் இரசாயனவியலும். தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை ரீச்சர். மேசையில் இருக்கிறான், படிக்கிறானா போனைப் பார்க்கிறானா என்று நான் போய்ப் பார்ப்பதில்லை. போன தடவை வெள்ளத்தால் பரீட்சையை இடையில் நிறுத்தி டிசம்பரில் திரும்பத் தொடங்கியபோது அந்த இடைவெளியில் அவன் படித்ததைவிட அழுததுதான் கூட.

இரசாயனக்காரன்

அக்கா, வெட்டுப்புள்ளி வரும்வரை படிப்பை நிறுத்த வேண்டாம், பதிவதா இல்லையா என்பதை அது வந்த பிறகு முடிவு செய்யலாம், இப்போதே வீட்டில் இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில், அதாவது 50 பல்தேர்வில், வீட்டில் நேரம் வைத்து எழுதும்போது எத்தனை சரி வருகிறது என்று மட்டும் அவனிடம் கேட்டு எழுதுங்கள். நாற்பதுக்கு மேல் என்றால் ஒரு கதை, முப்பதுக்குக் கீழே என்றால் வேறு கதை. பி எடுத்த பிள்ளை பெரும்பாலும் அமைப்புக் கட்டுரையில்தான் விட்டிருப்பான், அது ஆறு மாதத்தில் திருத்தக்கூடியது, பல்தேர்வு வேகம் அவ்வளவு சீக்கிரம் வராது.

வவுனியா அம்மா

கேட்டேன். முப்பத்தாறு, முப்பத்தேழு என்கிறான். நேரம் காணாது என்றும் சொல்கிறான்.

இரசாயனக்காரன்

சரி, நடுவில் நிற்கிறான். உள்பெட்டியில் ஒரு பேப்பர் அனுப்புகிறேன், இரண்டு மணித்தியாலம் மணிக்கூடு வைத்து எழுதிவிட்டு எந்தெந்தக் கேள்வியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றான் என்று பக்கத்தில் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். காசு ஒன்றும் வேண்டாம்.

புதுபட்ச்

சேர், அந்தப் பேப்பர் முதல் ஷைக்காரருக்கும் கிடைக்குமா?